பனியூழி, பனிப்பெருக்கம், பனியொடுக்கம்: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘ice age’ எனப்படுவதற்குத் தமிழில் ‘பனிக்காலம்’ என்ற சொல்லையே நிலைப்படுத்திவிடலாம் என்னும் கருத்தை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அது முன்பனி, பின்பனிப் பருவங்களை நினைவூட்டுவது சிறு தடைதான். ‘பனியுகம்’ என்றால் தீர்ந்துவிடும். ஒரே சொல் அளவில் பெரிதும் வேறுபட்ட இரண்டு காலங்களைச் சுட்டுவதுதான் உண்மையான சிக்கல். நிலவியலாளர்கள் புவியில் நிலையான பனிவிரிப்புகள் (நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும் பனிக்கட்டிப் பரப்புகள்) இருக்கும் நெடுங்காலம் முழுவதையும் அப்பெயரால் அழைக்கிறார்கள். அக்கணக்கில், கிரீன்லாந்திலும் அண்டார்ட்டிக்காவிலும் பனிவிரிப்பு இருக்கும்வரை நாமும் அதற்குள்தான் வாழ்கிறோம். பொது வாசகரோ ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன கடுங்குளிர்க் கட்டத்தை மட்டும் எண்ணுகிறார். 1837இல் கார்ல் ஷிம்பர் ஜெர்மன் மொழியில் இப்பெயரை ஆக்கியபோது, பனி பலமுறை பெருகிப் பின்வாங்கிய வரலாறு தெளிவாகியிருக்கவில்லை. அந்த மயக்கத்தைத் தமிழிலும் சுமக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

சிங்கப்பூரில் இதை மண்ணிலேயே பார்க்கலாம். காலாங் படிவுத்தொகுதி எனப்படும் மண்ணடுக்குகளில் துளையிட்டு எடுக்கும் மாதிரியில் பல இடங்களில் மேலே மென்மையான, சாம்பல்நிறக் கடற்களிமண்ணும், அதன்கீழ் உலர்ந்து இறுகிய களிமண்ணும், அதற்கும் கீழே மீண்டும் கடற்களிமண்ணும் வருகின்றன. கடல் உயர்ந்திருந்த கட்டங்களில் படிந்தவை மேலும் கீழும் உள்ளவை; சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் பனி உச்சத்தை எட்டியபோது கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து, சிங்கப்பூரும் சுமத்ராவும் போர்னியோவும் ஒரே நிலமாகக் கிடந்த கட்டத்தில் வெயிலில் காய்ந்து இறுகியது நடு அடுக்கு. மூன்றும் ஒரே நெடுங்காலத்துக்கு உட்பட்டவை. எல்லாவற்றுக்கும் ‘பனிக்காலம்’ என்றே எழுதினால், சுரங்கம் தோண்டும் பொறியாளருக்கு அந்த விளக்கத்தால் எப்பயனும் இல்லை.

எனவே நெடுங்காலத்துக்குப் ‘பனியூழி’ என்றும், அதனுள் பனி பரவிய கட்டத்துக்குப் (glacial) ‘பனிப்பெருக்கம்’ என்றும், குறைந்த கட்டத்துக்குப் (interglacial) ‘பனியொடுக்கம்’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. குறைந்த கட்டத்துக்குப் ‘பனியிடைக்காலம்’ என்ற சொல் வேண்டாம்; ‘இடை’ என்பது நடு என்றும் பொருள்படுவதால், பனி சூழ்ந்த காலம் என்று நேர்மாறாகப் படிக்க இடமுண்டு. ‘ஒடுக்கம்’ பனி முற்றாக நீங்கவில்லை என்பதையும் சேர்த்தே உணர்த்துகிறது. இக்கட்டங்களுக்குள் வரும் குறுகிய உட்பிரிவுகளுக்குக் (stadial, interstadial) ‘குறும்பெருக்கம்’, ‘குற்றொடுக்கம்’ என்று எளிதாக நீட்டிக்கொள்ளலாம்.

‘பெருக்கம்’ வளரும் செயலை மட்டுமே குறிக்கும் என்று யாரேனும் கருதினால், ‘பனிப்பெருக்கக் கட்டம்’ என்று விரித்து எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘ஊழி’யை மட்டும் உட்கட்டங்களுக்கு வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.