புறக்கோட்டையில் கைப்பிரதி கொடுத்தால் சீஷர் உருவாகுமா?

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
எங்கள் வாலிபர் ஐக்கியம் அடுத்த மாதம் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் கைப்பிரதி கொடுக்கிறது. ஸ்பீக்கரும் உண்டு. நானும் பெயர் கொடுத்துவிட்டேன். கொண்டக்டர் “வத்தளை, ஜாஎல” என்று கத்துகிற இடத்தில் இரண்டு நிமிடம் பேசினால் யார் சீஷராவார்? மத்தேயு 28இல் ‘சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள்’ என்று இயேசு சொன்னதை முதல் தலைமுறையினர் இப்படித்தான் செய்தார்களா? பேதுரு ஒரே பிரசங்கத்தில் மூவாயிரம் பேரைச் சேர்த்தாரே என்கிறார் எங்கள் தலைவர்.

தையற்கடை அங்கிள்:
தம்பி, அந்த மூவாயிரம் பேர் பண்டிகைக்கு எருசலேமுக்கு வந்த யூதர்கள். பேதுரு எடுத்துச் சொன்ன யோவேல் தீர்க்கதரிசியின் வசனமும் தாவீதின் சங்கீதமும் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்தவை. பாதி வழி வந்தவர்களோடுதான் பேதுரு பேசினார். லீஸ்திராவில் பவுலின் முன்னால் நின்றவர்களுக்கு யோவேல் யாரென்றே தெரியாது. அங்கே மழை, விளைச்சல், சாப்பாடு என்று பேசினார். அத்தேனேயில் அந்த ஊர்ப் புலவரின் வரியையே எடுத்தார். சிலர் கேலி செய்தார்கள், சிலர் பிறகு கேட்போம் என்றார்கள். நம்பினவர்கள் ஒரு சிலர்.

எனக்குப் பிடித்தது அப்போஸ்தலர் நடபடிகள் 18ம் 19ம் அதிகாரங்கள். நான் தைக்கிறவன், அதனாலாக இருக்கும். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். அந்த ஊரில் இருந்தது ஒன்றரை வருடம். எபேசுவில் திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டு வருடம், தினமும் பேச்சு. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் நேரமும் இருக்கிறது: பகல் 11 முதல் 4 வரை. ஊரே வெயிலுக்குப் படுத்திருக்கும் நேரம்! காலையில் வேலை, உச்சியில் பாடம் என்று நினைக்கிறேன். நோயாளிகளிடம் கொண்டுபோன அவருடைய உறுமாலும் கச்சையும் வேலைத்தலத்துத் துணிகள்தான் என்பது என் எண்ணம். எங்கள் கடையில் அப்படி ஒன்று ஆணியில் தொங்குகிறது, தோய்த்தாலும் எண்ணெய்க் கறை போகாது.

அளவு கொடுக்க வருகிறவர் கையைத் தூக்கி நின்றபடியே மகனின் வேலை, சீட்டுக்காசு, கடன் எல்லாம் சொல்லிவிடுவார். ஸ்பீக்கரிடம் யாரும் கடனைப் பற்றிக் கதைப்பதில்லை.

வெள்ளவத்தை வாசகி:
அங்கிள், ஆதிச் சபையின் ஒழுங்கு நூலான திதாக்கே வேறு மாதிரிச் சொல்கிறதே. ஊருக்கு வரும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் மறுநாளும். மூன்று நாள் இருந்தால் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது அப்பம் மட்டும் வாங்கலாம், பணம் கேட்டால் அவனும் கள்ளன். அப்படியென்றால் வந்து பேசிவிட்டுப் போகிறவர்களும் இருந்திருக்கிறார்கள்தானே?

தையற்கடை அங்கிள்:
இருந்தார்கள், மகள். அடுத்த அதிகாரத்தையும் பாருங்கள்: குடியிருக்க வருகிறவனுக்குத் தொழில் தெரிந்தால் உழைத்துச் சாப்பிடட்டும் என்கிறது. நாள் கணக்கு ஓசிச் சாப்பாட்டுக்குத்தான். (அந்த விதியை இங்கே கன்வென்ஷன் பேச்சாளர்களுக்குப் போட்டால் பலபேர் வரமாட்டார்கள்.)

கொச்சிக்கடை வாசி:
கத்தோலிக்கனாக ஒரு வார்த்தை. ‘அப்போஸ்தலிக்க மரபு’ என்ற பழைய நூலில், ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று வருடம் பாடம் கேட்க வேண்டும். ஆர்வமுள்ளவனுக்குக் காலத்தை அல்ல, நடத்தையைப் பார் என்றும் சொல்கிறது. என்ன தொழில் செய்கிறாய் என்று முதலிலேயே விசாரிப்பார்கள். விதவைகளை மதித்தாயா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாயா என்பது ஞானஸ்நானத்துக்கு முன் கேட்கும் கேள்வி. எங்கள் யோசப் வாஸ் அடிகளாரும் ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலிக்காரன் வேடத்தில் இங்கு வந்தவர். கண்டியில் அம்மை பரவியபோது ஊரைவிட்டு ஓடாமல் நோயாளிகளைப் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். மேடை போட அவருக்கு வழியே இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
நன்றி எல்லோருக்கும். பெயர் கொடுத்துவிட்டேன், போகத்தான் போகிறேன். ஆனால் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன், அடியில் ஒரு போன் நம்பர் மட்டும்தான் இருக்கிறது. யாராவது மறுபடி கதைக்க விரும்பினால் எங்கே வரச் சொல்வது, அங்கே யார் இருப்பார் என்று ஞாயிற்றுக்கிழமை தலைவரிடம் கேட்கிறேன். அச்சடிக்கக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது.