குடைமிளகாய் பச்சையிலேயே நிற்கிறது, சிவக்க வைக்க வழி உண்டா?

கீழக்கரை மாடி:
வீட்டு மாடியில் பத்துக்கு இருபது அடி நிழல்வலைக் குடில் போட்டிருக்கிறேன். நவம்பரில் நட்ட குடைமிளகாய் 22 செடி. பிப்ரவரி, மார்ச்சில் நன்றாகக் காய்த்தது, எல்லாவற்றையும் பச்சையாகவே பறித்துத் தின்று தீர்த்தோம். இந்தத் தடவையாவது சிவப்பாகப் பறிக்கலாம் என்று ஏப்ரலில் ஒரு ஐம்பது காயை விட்டுவைத்தேன். இப்போது மே பாதி. காய் முழுசாகப் பருத்துவிட்டது, நிறம்தான் வரவில்லை. ஏழெட்டுக் காயில் மட்டும் காப்பித்தூள் நிறத்தில் ஒரு திட்டு.

கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிட்டது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் வீட்டில் சண்டை. இன்னும் இரண்டு வாரம் இழுக்கலாம், அவ்வளவுதான். "வெப்பத்தை அடைத்து வைத்தால் பழுக்கும்" என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள் என்று பாலித்தீன் தாளைச் சுற்றிக் கட்டினேன். இரண்டே நாளில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. மாம்பழத்துக்கு வைப்பார்களே, அந்தக் கார்பைடு கல் வைத்தால் பழுக்குமா?

உச்சிப்புளி தோப்பு:
காக்கா (உங்கள் ஊர் வழக்கில் அண்ணன்தானே), முதல் வேலையாக அந்தத் தாளைக் கழற்றுங்கள். அது பனி விழும் ஊர்க்காரர்கள் வைத்தியம். அங்கே அக்டோபரில் குளிர் வந்து செடியைக் கொல்லும், அதற்குள் பழுக்க வேண்டும் என்று சூட்டைப் பூட்டி வைக்கிறார்கள். நமக்குப் பருவத்தை முடித்து வைப்பது வெயிலும் உப்பும். நிறம் நன்றாக ஏற 20 முதல் 25 டிகிரி போதும், சூடு மிஞ்சினால் மந்தப்பட்டுவிடும். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும். வலைக்கு மேல் பழைய வேட்டி ஒன்றை விரித்தால்கூட நல்லது.

கார்பைடு வேண்டவே வேண்டாம். பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது சட்டப்படியே தடை. அதோடு, அது வேலையும் செய்யாது. மா, வாழை மாதிரி பறித்த பிறகு வாயு பட்டுப் பழுக்கிற சாதி இல்லை மிளகாய். பச்சையாகப் பறித்தால் பெரும்பாலும் பச்சையாகவே சுருங்கும். ஆனால் செடியிலேயே நிறம் மாறத் தொடங்கிய காய், பறித்த பிறகும் மீதியை முடித்துக்கொள்ளும். அந்தக் காப்பித்தூள் திட்டு அதுதான். பச்சை இன்னும் போகவில்லை, அடியில் சிவப்பு வந்துவிட்டது. இரண்டும் கலந்தால் அந்த நிறம்.

முண்டு வத்தல் (முதுகுளத்தூர் பக்கம்):
தம்பி சொன்னது சரி. நாங்கள் முண்டு மிளகாய் பறிக்கும்போது பாதிப் பழம், முக்கால் பழம் எல்லாம் கலந்துதான் வரும். நேரே களத்தில் காயப் போட்டால் பாதிப் பழம் வெளிறிப்போய் விலை போகாது. அதனால் இரண்டு மூன்று நாள் நிழலில் குவித்து வைப்போம். ஒன்றுபோலச் சிவந்த பிறகுதான் வெயில். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டுக்கே இதுதான் பக்குவம். நீங்களும் அறைக்குள் குவித்து வையுங்கள்.

உச்சிப்புளி தோப்பு:
அக்கா, குடைமிளகாயைக் குவிக்க வேண்டாமே. சதை தடிமன், தண்ணீர்ச் சத்து வேறு. அடியில் இருப்பது அழுகி மேலே இருப்பதையும் கெடுத்துவிடும். காம்போடு கத்தரித்து, காற்றாடுகிற அறையில், ஒன்றையொன்று தொடாமல் சாக்கில் பரப்பினால் போதும்.

முண்டு வத்தல்:
அதுவும் சரிதான். அரை கிலோ மிளகாயைக் குவியல் என்று சொன்னால் களமே சிரிக்கும்.

கீழக்கரை மாடி:
தாளைக் கழற்றிவிட்டேன். இன்னொரு சந்தேகம். நாலு காயில் பக்கவாட்டில் வெள்ளையாக, வெங்காயத் தோல் மாதிரி காய்ந்திருக்கிறது. இரண்டில் அடிப்பாகம் கறுத்துக் குழிந்திருக்கிறது. இதுவும் பழுக்கிற அறிகுறியா?

உச்சிப்புளி தோப்பு:
இல்லை. வெள்ளை, வெயில் சுட்டது. மேற்குப் பக்கம் பார்த்த காய்களாக இருக்கும், பாருங்கள். அடி கறுப்பது சுண்ணாம்புச் சத்துக் காய்க்குப் போய்ச் சேராததால். உப்புத் தண்ணீரும், ஒருநாள் ஊற்றி மூன்று நாள் காயப் போடுவதும் சேர்ந்தால் இது வரும். ஆறையும் பறித்து, கெட்டதை நறுக்கிவிட்டுச் சமையுங்கள். நுனிக் கொழுந்து, பூ, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளி எறியுங்கள். பிஞ்சு பருத்துச் சிவக்க இரண்டு மாதமாவது ஆகும், உங்களிடம் இருப்பது இரண்டு வாரம். யூரியா, பஞ்சகவ்யம் எதுவும் வேண்டாம், புதுத் துளிர்தான் வரும். நல்ல தண்ணீர் கொஞ்சமே இருந்தாலும் தினம் சாயங்காலம் ஒரே அளவாக ஊற்றுங்கள். அரிசி கழுவின தண்ணீருக்கு வீட்டில் சண்டை வராதே.

கீழக்கரை மாடி (பதின்மூன்று நாள் கழித்து):
நிலவரம் சொல்லிவிடுகிறேன். உள்ளே மதியம் 41 டிகிரி காட்டியது. மேலே வேட்டி போட்டதும் 37. கிள்ளின பிறகு ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் தினம் இரண்டு மூன்று திட்டு விழுந்தது. திட்டு விழுந்ததும் கத்தரித்து உள்ளே வைத்தேன். மொத்தம் 23 சிவந்தன. சில ஆரஞ்சோடு நின்றுவிட்டன, ருசி பரவாயில்லை. சோதனைக்காக முழுப் பச்சையாகப் பறித்து வைத்த ஐந்தும் பச்சையாகவே வதங்கிக் கிடக்கின்றன. நேற்று கச்சான் காற்றில் வலை ஒரு பக்கம் கிழிந்தது, மீதியைப் பஜ்ஜிக்குப் பறித்துவிட்டோம்.

முண்டு வத்தல்:
23 நல்ல கணக்குத்தான். புரட்டாசியில் சொல்லுங்கள், முண்டு விதை தருகிறேன். எங்கள் பக்கம் மானாவாரி, தண்ணீர்ச் சண்டையே கிடையாது.

கீழக்கரை மாடி:
மாடியில் மானாவாரியா அக்கா? சரி, கொடுங்கள்.