குளிர்தொடக்கமா, ஆறிய கிளப்பலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வண்டிக் கலைச்சொல் பட்டியலில், ‘கோல்டு ஸ்டார்ட்’ ஆகும்போது, அதாவது ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பும்போது, டீசல் வண்டி காலையில் கக்கும் புகைக்குக் ‘குளிர்தொடக்கப் புகை’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மன்னார்குடிப் பக்கம் மார்கழி விடியலில் பனி கொட்டும், ஆனால் ஊட்டிக் குளிரெல்லாம் கிடையாது. ‘குளிர்’ என்று கண்டதும் டிராக்டர்காரர் இது மலைநாட்டுச் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடுவார். புகையோ இங்கே சித்திரையிலும் வருகிறது.

‘கோல்டு ஸ்டார்ட்’ என்பதில் உள்ள கோல்டு வானிலையைக் குறிக்கவில்லை. எஞ்சினின் சூடு முழுக்க ஆறி, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த புகைச் சோதனை முறையில், வண்டியைக் குறைந்தது 6 மணி நேரம் 20 முதல் 30 டிகிரிக்குள் நிறுத்திவைத்த பிறகுதான் கிளப்புவார்கள். அந்தக் கூடத்துக் ‘குளிர்’ நமக்குத் தை மாத இரவு. பட்டறையில் “சூடு ஆறட்டும், அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திற” என்கிறோமே, அந்த வினையையே எடுத்துக்கொள்ளலாம்: ஆறிய கிளப்பல். எதிரிணை, சூட்டுக் கிளப்பல். ‘ஆறுநிலை’ என்று சுருக்கலாம்தான். ஆனால் காவிரிக்கரையில் அதைப் படிப்பவருக்கு வெண்ணாறும் வெட்டாறும்தான் நினைவுக்கு வரும்.

இந்த இணை ஏன் வேண்டும் என்றால், புகையைப் பார்த்ததும் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்: ஆறியிருக்கும்போது மட்டும் வருகிறதா, சூடேறிய பிறகும் வருகிறதா?

அடுத்து, பட்டியலில் உள்ள ‘வெண்புகை’. இதைத்தான் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளக் கூடாது என்கிறேன். வெள்ளையாகத் தெரிவதில் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி (இதுதான் கம்ப்ரெஷன்), அதில் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். ஆறிய சிலிண்டரின் இரும்பு அந்தச் சூட்டைப் பாதி வழியிலேயே உறிஞ்சிவிட்டால், தெளித்த டீசல் எரியாமல் நுண்துளியாகச் சைலன்சர் வழியே வெளியேறும். ஈர விறகு அடுப்பைப் போலக் கண் எரியும், பச்சை டீசல் வாடை அடிக்கும். கிளப்பும் முன் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் செத்திருக்கலாம், பம்ப் டீசலை அனுப்பும் நேரம் (டைமிங்) பிந்தியிருக்கலாம், டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகலாம், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து கம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம். ஒன்றிரண்டு நிமிடம் ஓடி, எஞ்சின் சூடேறியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்கு ‘எரியாப் புகை’ என்பதே பொருத்தம்.

மற்றொன்று நீராவி. டீசல் எரிந்தாலே தண்ணீரும் உண்டாகும். ஆறிய சைலன்சரில் அது குளிர்ந்து, பனிக்காலக் காலையில் சற்று நேரம் வெள்ளையாகத் தெரியும். அதனால் கெடுதல் இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் ‘வெண்புகை’ என்று ஒரே பெயரை எழுதிவைத்தால், ஹீட்டர் பிளக்கில் முடிய வேண்டிய வேலைக்கு ஹெட்டையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். ‘எரியாப் புகை’, ‘நீராவிப் புகை’ என்று பிரித்தே பதிவு செய்வோம்.

கடைமடையில் வாய்க்கால் தண்ணீரை இறைக்கிற பழைய ஆயில் எஞ்சினையும் மறக்கக் கூடாது. அதில் ஹீட்டர் பிளக்கே இல்லை. லீவரைத் தூக்கி கம்ப்ரெஷனை விடுவித்து, ஹாண்டிலைப் போட்டு வேகமாகச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரைத் தட்டிவிட வேண்டும். சுற்றும்போது வெள்ளையாக வந்தும் பிடிக்கவில்லை என்றால், டீசல் போகிறது, பற்றவில்லை. துளிப் புகைகூட இல்லை என்றால் டீசலே போகவில்லை: டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்திருக்கும். புகை இல்லாததும் ஒரு குறிதான். அதற்குத் தனிச்சொல் வேண்டாம்.

எந்த சிலிண்டர் எரியவில்லை என்று பார்க்க, பழைய பம்ப் எஞ்சின்களில் நாசில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எஞ்சின் ஓசை மாறாத சிலிண்டர்தான் குற்றவாளி. விளக்கக் குறிப்பில் இதைச் சேர்ப்பதானால், காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் புதிய வகை) இதைச் செய்யவே கூடாது என்றும் சேர்க்க வேண்டும். அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நீலப்புகையில் குழப்பம் இல்லை. வால்வு சீல் தேய்ந்தால் இரவெல்லாம் ஆயில் கசிந்து இறங்கி, ஆறிய கிளப்பலில் ஒரு மூச்சு நீலமாக வந்து நின்றுவிடும். நாளெல்லாம் நீலமாகவே ஓடினால் ரிங், டர்போ இருந்தால் அதன் சீல். கரும்புகை பெரும்பாலும் சுமை இழுக்கும்போதுதான் கூடும். முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அறுவடை முடிந்த வண்டியில் பாதி வைக்கோல் தூசுதான் இருக்கும்.

கடைசியாக, ‘குளோ பிளக்’ எனும் ஹீட்டர் பிளக்குக்குப் பட்டியலில் உள்ள ‘ஒளிர்செருகி’. கும்பகோணத்தில் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் பல்புதான் கிடைக்கும். இரண்டு அர்த்தத்திலும். அந்தச் செருகியின் வேலை ஒளிர்வதல்ல, சூடேற்றுவது. நம் மெக்கானிக்குகள் ஏற்கெனவே ‘ஹீட்டர் பிளக்’ என்று சரியாகத்தான் சொல்கிறார்கள். தமிழ்ச்சொல் தேவை என்றால் ‘சூடேற்றுச் செருகி’. ‘கிளப்பல்’ பேச்சு வழக்காக இருக்கிறது, ஏட்டில் ஏறாது என்று யாராவது நினைத்தால் ‘ஆறிய தொடக்கம்’ என்று வைத்துக்கொள்ளவும் சம்மதம். ‘குளிர்’ மட்டும் வேண்டாம்.