கல்வெட்டில் இலங்கைக்குப் போய் வந்தவர்கள் பெயரும் வேண்டும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பொங்கலுக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் வைக்கப்போகும் படைவீரர் கல்வெட்டுக்காக துபாய் தம்பி அனுப்பிய பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். 1962, 65, 71, கார்கில் எல்லாம் இருக்கிறது. 1987க்கும் 90க்கும் நடுவில் அமைதிப் படையில் இலங்கைக்குப் போய் வந்த நம் ஊர்க்காரர் நாலு பேர் மட்டும் இல்லை. மறந்து விட்டதில்லை, யோசித்துத்தான் எடுத்தோம் என்று லண்டன் அண்ணன் எழுதியிருந்தார். நாம் ஈழத் தமிழர்களோடு வாழ்கிறோம், நம் வீட்டு மருமகள்களும் மாப்பிள்ளைகளும் அங்கிருந்து வந்தவர்கள், இந்தக் கல்லை வைத்துவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இருந்தாலும் அந்த நாலு பேர் இல்லாமல் இந்தக் கல் வைக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

நடந்ததை முதலில் மறைக்காமல் பேசிவிடுவோம். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அடுத்த நாளிலிருந்தே நம் படை அங்கே இறங்க ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்துச் சனம் முதலில் மாலை போட்டுத்தான் வரவேற்றது. அக்டோபர் 10ஆம் தேதி புலிகளோடு சண்டை மூண்டது. 21ஆம் தேதி, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை சுட்டதில் நோயாளிகள், நர்சுகள், டாக்டர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மறுநாள் காலையில் நர்சுகளை அழைத்துக்கொண்டு கையைத் தூக்கியபடி வெளியே வந்த குழந்தை மருத்துவரையும் சுட்டார்கள். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது, நானும் செய்யவில்லை. அதே மாதத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய காலாட்படை வீரர்கள் முப்பது பேரில் உயிரோடு மிஞ்சியவர் ஒரே ஒருவர். மூன்று வருஷத்துக்குள் அங்கே செத்த நம் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர்.

போகச் சொன்னது டில்லி. நம் நாலு பேரும் அப்போது இருபது, இருபத்தைந்து வயசுப் பையன்கள். கழனியில் தண்ணி இல்லாமல், காட்பாடியில் ரயில் ஏறி பட்டாளத்துக்குப் போனவர்கள்.

அவர்களில் மேட்டுத் தெரு பெரியப்பாவை எல்லாருக்கும் தெரியும். வெலிங்டனில் ட்ரெயினிங் முடித்து மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர். தமிழ் தெரியும் என்பதற்காகவே அவரை வடக்கத்திக்காரர்கள் யூனிட் ஒன்றோடு கொஞ்ச நாள் சேர்த்து அனுப்பினார்களாம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு செக்போஸ்ட். சைக்கிளில் வரும் பெண்களை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். கேட்பவருக்குத் தமிழ் தெரியாது, வருபவர்களுக்கு இந்தி தெரியாது. நடுவில் இவர். போன தடவை ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னார். "அந்தம்மா மண்ணை வாரித் தூத்துவாங்க. நான் அதை இவன்கிட்ட சொல்லமாட்டேன், வீட்ல குழந்தைக்குக் காய்ச்சலாம், சீக்கிரம் விடச் சொல்றாங்கன்னுவேன். இவன் திட்டறதையும் அந்தம்மாகிட்ட சொல்லமாட்டேன். நாள் பூரா அதே வேலைதான்." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவர் பெண்சாதிக்கே அன்றைக்குத்தான் இந்த விஷயம் தெரியும்.

1990 மார்ச் 24ஆம் தேதி திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் கிளம்பியது. மதராஸ் துறைமுகத்துக்கு வந்தவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைச் சுட்ட படைக்குத் தமிழ்நாடு எப்படி வரவேற்பு கொடுக்கும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டில் பாதிப்பேர் மனநிலையும் அதுதான். அரசியலாக அதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த மௌனம் டில்லி மேல் விழவில்லை, லீவில் வந்த பையன்கள் மேல் விழுந்தது. டீக்கடையில் பெரியப்பாவைப் பார்த்து "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் யூனிஃபார்மோடு ஊருக்குள் வந்ததே இல்லை. காட்பாடி ஸ்டேஷனிலேயே வேட்டி மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவாராம். அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் சம்பவம் நடந்தது. ஊர் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அப்போதும் இவர்களை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை.

கனடாவில் நான் இருக்கும் ஸ்கார்பரோ வழியாக 401 நெடுஞ்சாலை போகிறது. ஆப்கானிஸ்தானில் செத்த கனடா சிப்பாய்களின் உடல் ட்ரென்டன் விமானத் தளத்தில் இறங்கி இந்தச் சாலையில்தான் டொரண்டோவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் மேம்பாலங்களில் சனம் வந்து நின்றது. தீயணைப்பு வண்டிக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பனியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள். அரசாங்கம் கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. பிறகுதான், 2007இல், அந்தப் பகுதிக்கு வீரர்கள் நெடுஞ்சாலை என்று அரசு பெயர் வைத்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்தப் போரே கூடாது என்று ஊர்வலம் போனவர். அவரும் பாலத்தில் போய் நின்றார். அனுப்பியவர்களோடுதான் எனக்குச் சண்டை, போன பிள்ளையோடு இல்லை என்றார். அதை நம் ஊரிலும் செய்ய முடியும்.

லண்டன் அண்ணன் கேள்விக்கு வருகிறேன். என் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தன் சித்தியைப் பறிகொடுத்தவர். அவரிடம் இந்தக் கல்லைப் பற்றி நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கட ஊர் ஆக்கள், நீங்கள் போடத்தான் வேணும். எனக்கு மட்டும் அந்தப் படத்தைக் காட்டாதேங்கோ" என்றார். அவர் சொன்னதையே நாம் விதியாக எடுத்துக்கொள்ளலாம். கல் ஊரில் இருக்கட்டும். அதைப் படமெடுத்து ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட வேண்டாம். திறப்பு விழாவில் வீர வசனம் வேண்டாம், ஃப்ளெக்ஸும் வேண்டாம். எந்தப் பகையையும் ஜெயித்ததாகக் கல்லில் எழுதவும் வேண்டாம். பெயர், ரெஜிமென்ட், போன இடம், வருஷம். அவ்வளவு போதும்.

பெயர் கட்டாயம் வேண்டும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் பலகையைப் படித்திருப்பீர்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கும். ஒருத்தர் பெயர்கூட இல்லை. வெள்ளைக்காரனுக்கு எண்ணிக்கை போதுமாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. கல்லுக்கு ஒதுக்கிய பணத்தில் கிரானைட், வளைவு எல்லாம் குறைத்து ஒரு பங்கை இந்த வீடுகளுக்குச் செலவழிக்க வேண்டும். நாலு பேரில் ஒருவர் கன்னிவெடியில் இடது பாதத்தை இழந்தவர். செயற்கைக் கால் மாற்றப் புனேயில் உள்ள ராணுவ மையத்துக்குப் போக வேண்டும். கால் இலவசம்தான், ஆனால் கூடப் போக ஆள் வேண்டும், தங்க இடம் வேண்டும். பழைய காலையே துணி சுற்றி மாட்டிக்கொண்டு நடக்கிறார், வீட்டில் சொன்னால் மகன் வேலையை விட்டுவிட்டு வரவேண்டுமே என்று.

இன்னொருவர் போன வருஷம் தவறிவிட்டார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. பட்டாளத்து ரெக்கார்டில் அந்த அத்தை பெயர் லக்ஷ்மியம்மாள், ஆதாரில் லட்சுமி. இன்ஷியலும் ஒன்றில் அப்பாவுடையது, மற்றதில் புருஷனுடையது. கணவர் உயிரோடு இருந்தபோதே ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி, பெயரைத் திருத்தும் பார்ட் டூ ஆர்டர் ஒன்று போட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். இப்போது அஃபிடவிட், விளம்பரம், வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நடை என்று இழுக்கிறது. கணக்கெல்லாம் ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்துக்கு மாறியதிலிருந்து ஓ.டி.பி. கேட்கிறது, அது வருவதோ பேரன் நம்பருக்கு, அவன் பெங்களூரில். நம் ஊரில் ஓய்வூதியம் வாங்கும் மிலிட்டரி வீடுகள் அத்தனையிலும் இப்போதே மனைவி பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு மூன்றையும் ஆதாரோடு ஒத்துப்பார்த்துவிட வேண்டும். நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்கு, களை பிடுங்கித் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்றால், செல்போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். தபால்காரரைக் கூப்பிட்டால் அவரும் வீட்டுக்கே வந்து செய்து தருவார். நம்மில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! பொங்கல் லீவில் போகும்போது ஆளுக்கு இரண்டு வீடு எடுத்துக்கொண்டால் முடிந்துவிடும். நான் லட்சுமி அத்தை வீட்டை எடுத்துக்கொள்கிறேன். புனே பயணச் செலவுக்கு என் பங்கைப் பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன், கால் மாற்றப் போகிறவரோடு கூடப் போக ஓர் ஆள் வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற தம்பிகள் யாராவது ஒத்துக்கொள்ளுங்கள்.

கல் வெட்டுகிறவர் மார்கழி பாதிக்குள் பெயர்கள் கேட்கிறார். நாலு பேர் வீட்டிலும் சம்மதம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். பெரியப்பாவிடம் நானே ஃபோனில் கேட்டேன். "என் பேரைப் போடறதா இருந்தா, இடம் சாவகச்சேரின்னு சரியா போடு" என்றார். மற்ற மூன்று வீட்டுக்கும் ஊரில் இருக்கும் தலைவர் அண்ணன் நேரில் போய்க் கேட்க வேண்டும். மறுப்பு உள்ளவர்கள் தனி மடலில் எழுதாமல் இங்கேயே, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இந்திய நேரம் எட்டு மணிக்கு ஜூமில் பேசி முடிவு செய்யலாம்.

அன்புடன்,
மேட்டுத் தெரு, தற்போது ஸ்கார்பரோ