உதை குறைந்த மான் தோட்டா எது? சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்

செங்கோட்டைத் தம்பி:
அமெரிக்கா வந்து இதுதான் முதல் குளிர்காலம். மேனேஜர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டார், யோசிக்காமல் சரி என்று சொல்லித் தொலைத்தேன். சனிக்கிழமை ரைஃபிள் வாங்கப் போகிறோமாம். .30-06 தான் ஆம்பிளைத் தோட்டா என்கிறார். அவருடையதைச் சுட்டுப் பார்த்ததில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. உதை குறைவாக இருக்கணும், மானும் விழணும், பின்னாடி சுட்ட தோட்டாவில் நானே மறுபடி மருந்து அடைத்துக்கொள்ளவும் தோதாக இருக்கணும். எது வாங்கலாம்? 'மானைச் சுட்டா ஜெயிலுடா' என்று அப்பா ஊரிலிருந்து தினமும் போன் போடுகிறார்.

ஆரியங்காவு அண்ணன்:
.243 வின்செஸ்டர். வேறு பேச்சே வேண்டாம். 1955-இல் வந்தது, .308 தோட்டாவின் கேஸை, அதாவது பித்தளைக் கூட்டை, கழுத்தைக் குறுக்கிச் செய்தது. 100 கிரெயின் (குண்டின் எடைக் கணக்கு) குண்டு வெள்ளைவால் மானுக்குத் தாராளம். .30-06 உதையில் ஏறக்குறைய பாதிதான். நான் வந்த புதிதில் கிரெடிட் ஸ்கோர் இல்லை என்று வாடகைக்கு வீடு தர ஆளில்லை. நண்பன் வீட்டு அடித்தளத்தில் படுத்துக் கிடந்தேன். நீ வந்ததும் துப்பாக்கி கேட்கிறாய், கொடுத்துவைத்தவன்!

போடிமெட்டு:
அண்ணன் டெக்சாஸ் மானை வைத்துச் சொல்கிறார், அது சின்ன மான். .243 குண்டு கொஞ்சம் இடம் தப்பினாலும் இருட்டும்வரை ரத்தத்தடம் தேடணும். 7 எம்எம்-08 வாங்கு. 140 கிரெயின் குண்டு, உதை .308-ஐ விடக் குறைவு. அதுவும் அதிகம் என்றால் தானே அடைக்கிறவனுக்கு வழி இருக்கிறது. கையேட்டில் எச்4895 என்ற வெடிமருந்துக்குப் போட்டிருக்கும் உச்ச அளவு நூறு என்றால் அறுபது வரைக்கும் குறைத்துப் போடலாம், அதற்குக் கீழே கூடாது என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் கம்பெனியே சொல்கிறது. மெதுவாக எரியும் மருந்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், ஆபத்து.

கோவிந்தாபுரம்:
இரண்டு பேரும் போன நூற்றாண்டில் இருக்கிறீர்கள். 6.5 கிரீட்மோர் 2007-இல் வந்தது, இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். 7 எம்எம்-08 தோட்டா எங்கள் ஊர்க் கடையில் கண்ணில் படுவதே இல்லை.

போடிமெட்டு:
தானே அடைக்கப் போகிறவனுக்குக் கடைத் தோட்டா எதற்கு?

கோவிந்தாபுரம்:
2020-க்கு அப்புறம் பிரைமருக்கு, அதான் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மூடிக்கு, எல்லோரும் நாயாய் அலைந்தது மறந்துபோச்சா? அபார்ட்மெண்டில் மருந்து டப்பா வைத்ததற்கு வீட்டுக்காரரிடம் நான் வாங்கிய திட்டு எனக்குத்தான் தெரியும். இதற்கு ஊரிலேயே இருந்திருக்கலாம். 2022-இல் கேரளாவில் பஞ்சாயத்துத் தலைவரே காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கலாம் என்று உத்தரவு போட்டார்கள்.

ஆரியங்காவு அண்ணன்:
கொடுத்து என்ன? எங்கள் மரவள்ளியைத் தோண்டிப்போட்ட பன்றி அந்த உத்தரவைப் படிக்கவில்லை.

குமுளி அக்கா:
பன்றியை விடுங்கள். தம்பி, நீ எந்த மாநிலம், என்ன விசா? அதைக் கேட்காமலே ஆளாளுக்குத் தோட்டா விற்கிறார்கள். எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். முக்கிய விலக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை லைசென்ஸ். லைசென்ஸ் முதலில், துப்பாக்கி அப்புறம்.

செங்கோட்டைத் தம்பி:
ஓஹையோ அக்கா. கிரீன் கார்டு. லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை. தன் பேரிலேயே வாங்கித் தருகிறேன், பணத்தை மட்டும் கொடு என்கிறார் மேனேஜர்.

குமுளி அக்கா:
அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதே. உன் பணத்தில் உனக்காக வாங்கிவிட்டு, கடையில் துப்பாக்கி வாங்க நிரப்பும் 4473 படிவத்தில் வாங்குகிறவன் நான்தான் என்று அவர் கையெழுத்துப் போட்டால் அது மத்தியக் குற்றம். உன் கிரீன் கார்டு, உன் ஓஹையோ அடையாள அட்டை, உன் கையெழுத்து. கிரீன் கார்டு என்பதால் எச்1பி தடை உனக்கு இல்லை.

அடுத்தது, ஓஹையோவில் மானுக்கு .243, 7 எம்எம்-08, 6.5 எதுவும் ஆகாது. மேனேஜரின் .30-06-உம் ஆகாது, அவர் வேறு மாநிலத்துக்குப் போய்ச் சுடுகிறார் போல. கழுத்து குறுகாத நேர்கேஸ் தோட்டாதான், அதுவும் குண்டின் விட்டம் .357 முதல் .50 அங்குலம் வரை.

உதை குறைவு என்றால் இரண்டு. ஒன்று .350 லெஜெண்ட், பெயரில் .350 என்றாலும் ஓஹையோவில் ஆகும், 2019-இல் வந்தது, உதை ஏறக்குறைய .243 அளவு. அது துப்பாக்கியின் அறைக்குள் கேஸின் வாய் விளிம்பை வைத்துத்தான் நிற்கும். அதனால் கேஸ் நீளத்தை அளந்து வெட்டணும், வாயை உள்ளே மடித்து இறுக்கக் கூடாது. இரண்டாவது .357 மேக்னம், லீவர் ரைஃபிளில் (விசைப்பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றுவது). உதை அதைவிடவும் குறைவு, 100 கெஜத்துக்குள் நிறுத்திக்கொள். தோட்டா அடைத்துப் பழக இதைவிட லேசானது இல்லை. சுட்ட கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில் கார்பைடு டை வாங்கினால் கேஸுக்கு எண்ணெய் தடவும் வேலையே கிடையாது. உன் தோளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உதை பலமான .450 புஷ்மாஸ்டரை யாராவது நீட்டினால் ஓடிவிடு.

ஆரியங்காவு அண்ணன்:
ஓஹையோ என்று முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே தம்பி.

செங்கோட்டைத் தம்பி:
மன்னிக்கணும் அண்ணே. அக்கா, லீவருக்குக் கூர்முனைக் குண்டு வாங்கலாமா?

குமுளி அக்கா:
கூடவே கூடாது. லீவரில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். உதையில் பின்னால் உள்ளதன் கூர்முனை முன்னால் உள்ளதன் பிரைமரில் குத்தினால் குழாயிலேயே வெடித்துவிடும். தட்டைமுனை மட்டும் வாங்கு. இந்த வாரமே வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் பதிந்துகொள், அது இல்லாமல் வழக்கமான முதல் லைசென்ஸ் தரமாட்டார்கள். துப்பாக்கி சீசன் நன்றி நவிலல் நாளுக்கு (தேங்ஸ்கிவிங்) அடுத்த திங்கள் தொடங்கும். ஆரஞ்சு அங்கி கட்டாயம். சுட்ட கேஸ்களை எறியாமல் டப்பாவில் போட்டு வை.