புதுப்பிப்பு: செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் தமிழை இயல்பாக்கிய வழி
செயற்கை நுண்ணறிவின் துணையோடு எழுதும் கட்டுரைகள் உயிரற்று ஒலிக்கின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாக விடையளித்த அனைவருக்கும் நன்றி.

'மனிதரைப் போல எழுது' என்று கட்டளையிடும் யோசனை பலன் தரவில்லை. பேச்சு வழக்குச் சொற்களும் வியப்புக்குறிகளும் கூடினவே தவிர, வாக்கிய அமைப்பு மாறவில்லை. கைகொடுத்தது, நான் சொந்தமாக எழுதிய சில பத்திகளை மாதிரியாக முன்வைத்து, கருத்துகளின் வரிசையையும் நானே வகுத்துக் கொடுக்கச் சொன்ன யோசனைதான். அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்தே இக்கருவிகள் எழுதுவதால், முன்னால் இருக்கும் நடையையே அவை பெரிதும் பின்தொடர்கின்றன.

அதன் பின்னும் கைத்திருத்தம் தேவைப்பட்டது. 'இம்முடிவு குழுவினரால் மேற்கொள்ளப்பட்டது மற்றும் அறிவிக்கப்பட்டது' என்று வந்ததை, 'குழுவினர் இம்முடிவை எடுத்து அறிவித்தனர்' என்று மாற்றினேன். வாய்விட்டுப் படித்தால் இத்தகைய இடங்கள் உடனே இடறும். கண்ணால் மட்டும் படிக்கும்போது தப்பிவிடுகின்றன.

எதிர்பாராதது ஒன்று: மாதிரிப் பத்திகளில் இருந்த தகவல்களும் சில இடங்களில் புதிய கட்டுரைக்குள் நுழைந்துவிட்டன. ஆகவே இவ்வழியைப் பின்பற்றுவோர், வேறொரு பொருளைப் பற்றிய பத்திகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, பெயர்களையும் எண்களையும் தனியே சரிபார்த்துக்கொள்வது நல்லது.