புதுப்பிப்பு: டிரெய்லர் வீடும் பத்தாம் வகுப்பும்

காருக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக வாழ்கிறோம், பிள்ளைகளுக்கு நாங்களே பாடம் சொல்லித் தருகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். "பத்தாவதுக்கு என்ன செய்வீங்க?" என்றுதான் பலரும் கேட்டீர்கள்.

பெரியவளுக்கு 14 வயது முடிந்துவிட்டது. பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி செய்யும் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பதிவு செய்துவிட்டோம். 5 பாடங்கள் போதும். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, 5 ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். அலையும் குடும்பத்துக்கு இது ரொம்பத் தோதான வழி.

இப்போது திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கம், பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்தில் இருக்கிறோம். மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டியிருக்கின்றன. பறவை மிரளும் என்று இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள்.

சின்னவன் வண்டலைக் கையில் பிசைந்துகொண்டே, "அப்போ நாரைதான் நெல்லுக்கு உரம் போடுதா ஆச்சி?" என்று கேட்டான்.

"ஆமா மக்கா, இதுக வந்தாத்தான் நமக்கு வெள்ளாமை" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. எச்சத்தில் இருக்கும் நைட்ரஜன் பயிருக்கு உரமாகும் பாடத்தை அன்றைக்கே எடுத்துவிட்டோம். எந்த வகுப்பறையிலும் இவ்வளவு சுலபமாக அது ஏறியிருக்காது.

வெயில்தான் கஷ்டம். மதியம் தகரம் கொதிக்கும், உள்ளே உட்கார முடியாது. புளியமரத்தடியில் பாய் விரித்துக் கணக்குப் போடுகிறோம்.

அப்புறம், அடுத்து பத்தமடைக்குக் கோரைப்பாய் நெசவு பார்க்கப் போகிறோம். அங்கே டிரெய்லர் நிறுத்த இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.